யமஹா டிடிஎக்ஸ்402கே: என் தாளம் தேறுகிறதா என்று இது சொல்லுமா?

யமஹா டிடிஎக்ஸ்402கே என்ற எலக்ட்ரானிக் டிரம்ஸ் செட்டை வாங்கலாமா என்று கேட்டால், சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு புதிதாகக் கற்கிறவர் தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஓராண்டுக்கும் மேலாக என் வீட்டில் இருக்கிறது. ஒலி எப்படி, ஸ்டாண்ட் ஆடுகிறதா, எந்த மாடலோடு ஒப்பிடலாம் என்பதையெல்லாம் யூடியூபில் பலர் விவரமாகப் பேசிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அவர்கள் அதிகம் தொடாத ஒரு விஷயம். புதிதாகக் கற்கும் ஒருவர் தான் தேறிக்கொண்டு வருகிறோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று தெரிந்துகொள்ள இந்தப் பெட்டி எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதுதான் அது.

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஜூரோங் வெஸ்ட் பக்கம் ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பதிவு செய்யும் வேலை. வாரம் ஒருமுறை சமூக மன்றத்தில் டிரம்ஸ் வகுப்பு. ஆசிரியர் மலாய்க்காரர், சிறு வயதில் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணங்களில் கொம்பாங் என்ற கைப்பறை அடித்து வளர்ந்தவர். கொம்பாங்கில் ஒருவர் விடும் இடைவெளியில் இன்னொருவரின் அடி வந்து விழ வேண்டும். ஒருவர் நேரம் தவறினாலும் மொத்தமும் குழம்பிப்போகும். அதனால் அவருக்கு வேகம், அலங்காரம் எல்லாம் பிறகுதான், நேரம் முதலில். வகுப்பு நடக்கும்போது அவருடைய காது எனக்குக் காவல் இருக்கிறது. வீட்டில் தனியாக வாசிக்கும் நாள்களில் யார் சொல்வது? என் காதையே நம்பலாம் என்றால், அது இன்னும் பழகாத காது. கை தவறும்போது காதும் சேர்ந்து தவறிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பயிற்சி முறைகள் உள்ள செட்டாகத் தேடினேன். பழைய பொருள்கள் விற்கும் கரோசல் இணையத்தளத்தில் ஒன்று கிடைத்தது.

செட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழரை அங்குல ரப்பர் பேடுகள் நான்கு: ஒன்று ஸ்நேர் என்ற கூர்மையான ஒலி டிரம்முக்கு, மற்ற மூன்றும் டாம் என்ற ஆழ்ந்த ஒலி டிரம்களுக்கு. ஹை-ஹாட், கிராஷ், ரைடு என்று சிம்பலுக்கு, அதாவது உலோகத் தட்டுகளுக்கு, மூன்று பேடுகள். இடது காலுக்கு ஹை-ஹாட் பெடல், வலது காலுக்குக் கிக் என்ற பெரிய டிரம்மின் பெடல். இந்தக் கிக்கில் அடிக்கும் சுத்தியல் கிடையாது, மிதித்தாலே ஒலி வந்துவிடும். மாட்யூல் என்ற சின்னப் பெட்டியில் பத்து வகை டிரம்ஸ் ஒலிகளும் பத்துப் பயிற்சி முறைகளும் இருக்கின்றன. ஸ்டூல், குச்சி, ஹெட்போன் மூன்றையும் தனியாக வாங்கிக்கொண்டேன். ஹெட்போன் வயர் உள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும். நேரத்தைச் சரிபார்க்க வாங்கிய கருவியில் ஒலியே பிந்தி வந்தால் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெட்போன் போட்டால் சத்தமே இல்லை என்பது வாசிக்கிறவருக்கு மட்டும்தான் உண்மை. அதே அறையில் இருப்பவருக்கு ரப்பரில் குச்சி படும் டக் டக் நன்றாகக் கேட்கும். கீழ்வீட்டுக்குப் போவது அந்தச் சத்தம் இல்லை, கால் மிதிக்கும் அதிர்வு. அது தரை வழியாக இறங்கும். சுத்தியல் இல்லாத கிக் என்பதால் இந்தச் செட்டில் அதிர்வு குறைவு, ஆனாலும் குதிகால் தரையில் படத்தானே செய்கிறது. என் கணவர் இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்து ஒரு மேடை செய்து கொடுத்தார். செட்டும் ஸ்டூலும் அதன்மேல்தான். கீழ்வீட்டு ஆன்டியிடம் நேரில் போய், "ஆன்டி, கேட்கிறதா? தொந்தரவாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்," என்று கேட்டேன். மேடை வைத்த பிறகு தெரியவில்லை என்றார். இரவில் வீவக சொல்லும் அமைதி நேரம் என்று ஒன்று உண்டு, அது தொடங்கும்வரை நான் காத்திருப்பதில்லை. நான் ஒன்பது மணிக்கே குச்சியை வைத்துவிடுவேன். அக்கம்பக்கத்தார் மனம் கோணாமல் இருந்தால்தான் ஆண்டுக்கணக்கில் வாசிக்க முடியும்.

சரி, பயிற்சி முறைகளுக்கு வருவோம். பத்தும் எனக்குப் பயன்படவில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை அடி அடிக்கிறாய் என்று எண்ணும் ஃபாஸ்ட் பிளாஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தோளை இறுக்கிக்கொண்டு அடிக்கும் பழக்கத்தைத் தவிர அதில் எனக்கு எதுவும் கிடைக்காது என்று விட்டுவிட்டேன். நான் மறுபடி மறுபடி போவது மூன்றிடம்தான்: க்ரூவ் செக், ரிதம் கேட், மெஷர் பிரேக்.

க்ரூவ் செக், நம் அடி கிளிக்கோடு, அதாவது பெட்டி சீராகத் தட்டும் தாளச் சத்தத்தோடு, எவ்வளவு ஒட்டி விழுகிறது என்று பார்த்து மதிப்பிடுகிறது. ரிதம் கேட் கொஞ்சம் கண்டிப்பானது. அடி சரியான நேரத்தில் விழுந்தால்தான் ஒலி வரும், விலகினால் மௌனம். முதல் வாரத்தில் எனக்கு ஸ்நேர் பாதி நேரம் ஊமையாகவே இருந்தது. ஆனால் இதைவிட நேர்மையான வாத்தியார் கிடைக்கமாட்டார். முகம் பார்த்துச் சொல்வதில்லை, பாவம் என்று விடுவதும் இல்லை. கேட்காமல் போன அடி எது என்று உடனே தெரிந்துவிடுவதால், எந்தக் கை, எந்த இடத்தில் விலகுகிறது என்று பிடித்துவிடலாம். எனக்கு அது இடது கை. இரண்டாவது எண்ணிக்கையை விட நான்காவதில்தான் அதிகம் விலகும்.

மெஷர் பிரேக்தான் இந்தப் பெட்டியின் உயிர் என்பேன். சில சுற்றுகள் கிளிக் கேட்கும், பிறகு சில சுற்றுகள் நிற்கும், நாம் விடாமல் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளிக் திரும்பி வரும்போது நாம் அதோடு சேர்ந்து நிற்கிறோமா, முந்திவிட்டோமா, பிந்திவிட்டோமா என்பது பளிச்சென்று தெரியும். கிளிக் ஓடிக்கொண்டே இருந்தால் அதைத் துரத்திப் பிடித்து ஒட்டிக்கொள்ளலாம். மௌனத்தில் துரத்த எதுவும் இல்லை. நம் உள்ளே ஓடும் தாளம் மட்டும்தான். முதலில் ஒரு சுற்று மௌனத்தையே தாங்க முடியவில்லை. இப்போது நான்கு சுற்று மௌனத்தைக் கடந்து கிளிக்கோடு போய்ச் சேர முடிகிறது. நான் தேறியிருக்கிறேன் என்று எனக்கே சந்தேகமில்லாமல் தெரிந்தது அந்தக் கணக்கில்தான்.

இதில் எனக்குக் கைகொடுத்தது பழைய பரதநாட்டியம். பள்ளி நாள்களில் சில ஆண்டுகள் கற்றேன். பிறகு விட்டுவிட்டாலும் சொற்கட்டு வாயை விட்டுப் போகவில்லை. வகுப்பில் எல்லாரும் ஒன்-ஈ-அண்ட்-ஆ என்று எண்ணுவார்கள். நான் தகதிமி என்றேன். ஆசிரியர் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார், அப்புறம் அப்படியே தொடரச் சொல்லிவிட்டார். ஓர் எண்ணிக்கைக்கு ஓர் அடி என்றால் 'த', இரண்டு என்றால் 'தக', மூன்று என்றால் 'தகிட', நான்கு என்றால் 'தகதிமி'. ஷஃபிள் என்ற துள்ளல் தாளம் வாசிக்கும்போது 'தகிட'வை உள்ளே ஓடவிட்டு நடு எழுத்தை அடிக்காமல் விட்டால் போதும், அந்த ஆட்டம் தானாக வந்துவிடும். மௌனச் சுற்றுகளில் வாய்விட்டுச் சொற்கட்டு சொல்லிப் பாருங்கள். வாய் ஓடிக்கொண்டே இருந்தால் கை தொலைந்துபோவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளில் மிருதங்கமோ பரதமோ கற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டிரம்ஸுக்கு வரும்போது அதையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு வருவதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கையில் இருக்கும் சொத்து அது.

இன்னொரு விஷயம், வேகம். 'எத்தனை பிபிஎம்-இல் (நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை) வாசிக்கிறாய்' என்பதுதான் கற்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி. எண் ஏறினால் தேறிவிட்டோம் என்று நினைப்பு. கிளிக் போடும் மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஓர் எண்ணிக்கைக்கு ஓர் அடி மட்டும் அடித்துப் பாருங்கள். கிளிக்குக்கும் கிளிக்குக்கும் நடுவே ஒரு முழு நொடி. 120-இல் அது அரை நொடி. இடைவெளி நீளும் அளவுக்கு விலகுவதற்கும் இடம் கூடுகிறது. வேகத்தில் மறைந்துகொள்ளும் தவறுகள் மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால் என் குறிப்பேட்டில் நான் எழுதுவது எவ்வளவு வேகமாக வாசித்தேன் என்பதை இல்லை, எவ்வளவு மெதுவாக வாசித்தும் கலையாமல் இருந்தேன் என்பதைத்தான். மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அந்தக் கிளிக்கை இரண்டு, நான்கு என்ற எண்ணிக்கைகளாகக் கேட்டு வாசிப்பதும் நல்ல சோதனை. 100-இல் வாசிக்க வேண்டிய தாளத்துக்கு 50-இல் வைக்க வேண்டும். ஒன்றும் மூன்றும் நாமே போட வேண்டும், அங்கேதான் கிக் விழும். கிளிக் ஸ்நேரோடு சேர்ந்து விழுந்தால் நாம் சரி.

இனி மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் இந்தப் பெட்டி நம்மைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும்.

ஒரே பாட்டை, ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் மதிப்பீடு ஏறிக்கொண்டே போகும். அதில் ஒரு பங்கு கை தேறியது, ஒரு பங்கு அந்தப் பாட்டு மனப்பாடம் ஆனது. இரண்டையும் பெட்டி பிரித்துச் சொல்லாது. அதே போல, முக்கால் மணி நேரம் வாசித்துச் சூடேறிய கைக்கு வரும் முடிவும் மறுநாள் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்த உடனே வரும் முடிவும் ஒன்றாக இருக்காது. எது நமக்கே சொந்தமாகிவிட்டது என்பது மறுநாள் முதல் வாசிப்பில்தான் தெரியும். அதனால் நான் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, கையைச் சூடேற்றாமல், வழக்கமான ராக் தாளத்தை மூன்று வேகங்களில் வாசிப்பேன்: கிக் ஒன்றிலும் மூன்றிலும், ஸ்நேர் இரண்டிலும் நான்கிலும், ஹை-ஹாட்டில் எண்ணிக்கைக்கு இரண்டு அடி. பிறகு பாராடிடில், அதாவது வலது கையும் இடது கையும் மாறி மாறி வ-இ-வ-வ, இ-வ-இ-இ. கடைசியாக அதுவரை வாசிக்காத புதிய தாளம் ஏதாவது ஒன்று. முடிவுகளைக் குறிப்பேட்டில் எழுதி மூடிவிடுவேன். நடுவில் கிடைக்கும் நல்ல முடிவுகளை எழுதுவதில்லை, மோசமானவற்றையும் எழுதுவதில்லை. நாளுக்கு நாள் ஏறி இறங்குவதைப் பார்த்து மனம் அலைபாயாமல் இருக்க இது உதவுகிறது.

அடிப்படைப் பயிற்சிகளின் பட்டியல் வேண்டும் என்பவர்கள் தாளவாத்தியக்காரர்களின் அமைப்பான பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டியின் பட்டியலைப் பார்க்கலாம். ரூடிமென்ட் என்று சொல்லப்படும் நாற்பது பயிற்சிகள், 1984-இல் தொகுத்தவை. நாற்பதையும் முடித்துவிட வேண்டும் என்று புதியவர் ஓட வேண்டியதில்லை. ஒற்றை அடி, இரட்டை அடி, பாராடிடில், ஃப்ளாம் (பெரிய அடிக்குச் சற்று முன் ஒரு சின்ன அடி) என்று நாலைந்தை மெதுவாக, சமமாக அடிக்க வந்தாலே முதல் ஆண்டுக்கு நிறைவு.

கணினி இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். மாட்யூலை யூஎஸ்பி கேபிளால் இணைத்து மிடியாக, அதாவது ஒலியாக இல்லாமல் எந்த அடி எப்போது விழுந்தது என்ற குறிப்பாக, பதிவு செய்தால், ஒவ்வோர் அடியும் கட்டம் போட்ட திரையில் ஒரு புள்ளியாக வந்து உட்காரும். கோட்டுக்கு முன்னே எத்தனை, பின்னே எத்தனை என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆசிரியர் அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கமாட்டேன். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு முந்தியிருந்தால் கவலைப்படாதே, அது உன் பழக்கம், திருத்திக்கொள்ளலாம். ஒன்று முந்தி, அடுத்தது பிந்தி, இப்படிச் சிதறிக் கிடந்தால்தான் கை இன்னும் பழகவில்லை என்று அர்த்தம் என்றார். எனக்கு முதல் மாதங்களில் சிதறலாக இருந்தது. இப்போது ஓரளவு ஒரே பக்கம், கோட்டுக்குக் கொஞ்சம் முன்னே, ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. மதிப்பீடு அவ்வளவாக ஏறாத ஒரு மாதத்தில் இந்த மாற்றம் நடந்திருந்தது. வெறும் மதிப்பீட்டை மட்டும் பார்த்திருந்தால் அந்த மாதம் வீண் என்று நினைத்திருப்பேன்.

இதெல்லாம் நேரத்தைப் பற்றியது. நேரத்தில் இந்தப் பெட்டி சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். மற்றவற்றில் இது பேசுவதே இல்லை, அந்த மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் அக்கா மகன் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு என்னை வாசிக்கச் சொன்னான். அந்த வாரம் எனக்கு நல்ல மதிப்பீடு வந்திருந்தது. கொஞ்ச நேரம் கேட்டான். "சித்தி, அடி எல்லாம் சரியான இடத்துல விழுது. ஆனா எல்லாம் ஒரே கனமா இருக்கு. எது பெருசு, எது சின்னதுன்னே தெரியல. ஆடுறவங்க எதைப் பிடிச்சு ஆடுவாங்க?" என்றான். 2016 முதல் தைப்பூச ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி உண்டு. அங்கே காவடி எடுத்து வருகிறவர் மேளத்துக்கு முன்னால் நின்று ஆடும்போது, வாசிப்பவன் பார்ப்பது அவர் காலை. கால் தளர்ந்தால் அடியின் கனத்தை மாற்றுவான், வேகத்தைத் தொடமாட்டான். அந்தப் பாடத்தில் வளர்ந்த பையன் கேட்ட கேள்வி அது. எந்தப் பயிற்சி முறையும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

அன்று மாலையே புத்தகங்களை அடுக்கி, ஸ்நேரின் உயரத்துக்குக் கைப்பேசியை நிறுத்திப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். காரணம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. வலது குச்சி தோள் உயரத்துக்கு எழும்பி இறங்குகிறது. இடது குச்சி அதில் பாதிகூட எழும்பவில்லை. இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் குச்சியை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கின்றன, கட்டைவிரல் மட்டும் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருக்கிறது. குச்சி எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு ஒலி. ஹை-ஹாட் அடிக்கும் கை ஓங்கி, ஸ்நேர் அடிக்கும் கை ஒடுங்கி, பெரிதாகக் கேட்க வேண்டிய இரண்டும் நான்கும் மற்ற அடிகளோடு சமமாகிவிட்டன. அலமாரிக் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து, இரண்டு குச்சி முனைகளும் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று பார்த்துப் பார்த்து அடித்துத்தான் அதைச் சரிசெய்தேன், சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் க்ரூவ் செக்கின் முடிவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் இப்போது என் கணவர் சமையலறையிலிருந்து, வெறும் ரப்பர் சத்தத்தைக் கேட்டே, எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுகிறார்.

படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. டாம்களைச் சுற்றி ஃபில் (தாளத்துக்கு நடுவே போடும் சின்ன அலங்காரம்) வாசிக்கும்போது என் வாய் இறுக மூடிக்கொள்கிறது. ஃபில் முடிவில் நான் எப்போதும் முந்திவிடுவேன் என்று பெட்டி பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் என்று சொல்லவில்லை. ஆசிரியர் படத்தைப் பார்த்ததும், "மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய், விடுவதற்காக ஓடுகிறாய்," என்றார். ஃபில் தொடங்கும் இடத்தில் மூச்சை வெளியே விட்டு வாசிக்கப் பழகினேன், முந்துவது பெருமளவு குறைந்தது. முந்துகிறாய் என்று கண்டுபிடித்தது பெட்டி, எதனால் என்று கண்டுபிடித்தது ஆள். இரண்டும் வேண்டியிருந்தது.

ரப்பர் பேடைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பர் குச்சியை நன்றாகத் திருப்பி எறிகிறது. அதனால் இரட்டை அடி இங்கே சீக்கிரம் வந்துவிட்டது போலத் தோன்றும். நான் மாதம் ஒருமுறையாவது மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் அறைக்குப் போய் நிஜமான டிரம்ஸில் உட்காருகிறேன். அங்கே ஸ்நேர் பதினான்கு அங்குலம், அதன் தோல் ஒரு மாதிரி திருப்பி எறியும். பெரிய டாமின் தளர்ந்த தோல் எறியவே எறியாது, இரண்டாவது அடியை விரல்கள்தான் போட வேண்டும். கிக்கில் நிஜமான சுத்தியல் இருக்கிறது, ஸ்பிரிங் இருக்கிறது, மிதித்த பிறகு அது திரும்பி வர இடம் கொடுக்க வேண்டும். வீட்டில் சுத்தமாக விழுந்த கிக் அங்கே முதல் தடவை மந்தமாக விழுந்தது. சிம்பலின் சத்தம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதும் அங்கே போன பிறகுதான் உறைக்கும். ஹெட்போனில் எல்லாம் அளவோடு கலந்து வருவதால் அந்தக் கட்டுப்பாடு நமக்குத் தேவைப்படுவதே இல்லை. காது அடைப்பானை மறக்காமல் கொண்டுபோங்கள். வீட்டில் மட்டும் வாசித்துவிட்டு நான் தேறிவிட்டேன் என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒரு மணி நேரமாவது நிஜமான செட்டில் வாசித்துப் பதிவு செய்து கேட்டுவிடுங்கள்.

வெளியாள் ஒருவரின் மதிப்பீடு வேண்டும் என்றால் தேர்வு எழுதுவது நல்ல வழி. நான் இசைத் தேர்வு நடத்தும் டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வின் ஆரம்ப நிலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். மூன்று பாட்டுகள், அதோடு கேட்டதைத் திருப்பி வாசிப்பது அல்லது அங்கேயே கற்பனையாக வாசிப்பது. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 75-க்கு மெரிட், 87-க்கு டிஸ்டிங்ஷன். வாசிப்பதை வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பும் முறையும் உண்டு. எனக்கு இதில் பிடித்தது, தடையில்லாமல் வாசித்தோமா, கருவி கைக்குள் இருந்ததா என்பதோடு, அந்தப் பாட்டின் தன்மையைக் கேட்பவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோமா என்பதற்கும் மதிப்பெண் போடுகிறார்கள் என்பதுதான். அக்கா மகன் கேட்டதும் அதைத்தான். பெரியவர்கள் இதையெல்லாம் எழுதலாமா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. வயது வரம்பு கிடையாது.

ஆக, இந்தச் செட் யாருக்கு? நிஜமான டிரம்ஸ் வைக்க முடியாத வீடு, வாரத்தில் சில நாளாவது அரை மணி நேரம் உட்காரும் உறுதி, ஆசிரியர் ஒருவர், இந்த மூன்றும் இருந்தால் செலவழிக்கும் வெள்ளிக்கு மேலேயே திருப்பித் தரும். ஆசிரியர் இல்லாமல் இதை மட்டும் வைத்துக் கற்றுவிடலாம் என்று நினைப்பவரை வாங்கச் சொல்லமாட்டேன். நேரம் சரியாக, மணிக்கட்டு தவறாக வளர்ந்துவிடும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஏற்கெனவே சில ஆண்டுகள் வாசித்துவிட்டு, மெல்லிய அடிகளின் நுணுக்கத்துக்காகத் தேடுகிறவர்கள் வலைத்தோல் பேடு உள்ள பெரிய செட்டுகளைப் பார்ப்பது நல்லது.

பழையதாக வாங்குகிறவர்கள் விற்பவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எனக்கு விற்றவர் சிம்பலைப் பிடித்து நிறுத்தும் ஒரு திருகைத் தரவில்லை, அதைத் தேடி அலைய வேண்டியிருந்தது. கிக் பெடலை மெதுவாகவும் வேகமாகவும் மிதித்துப் பாருங்கள், இடையில் ஓர் அடி காணாமல் போனால் வேண்டாம். ஹை-ஹாட் பெடலை விட்டும் முழுதாக அழுத்தியும் அடித்து, ஒலி மாறுகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு பேடையும் நடுவிலும் ஓரத்திலும் தட்டுங்கள். சொந்தமாக ஒரு ஹெட்போனைக் கொண்டுபோய் மெஷர் பிரேக்கை ஒருமுறை முழுதாக ஓடவிட்டு வாசியுங்கள். விற்பவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் கூச்சப்படாமல் கடைசிச் சுற்று வரை வாசித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.